நாற்பதாவது கடா

குச்சேரா தீவனம், இரும்பு, துப்பாக்கிச் சாமான் கடை
வாலன்டைன், நெப்ராஸ்கா
12 மார்ச் 1984

மச்சான் ஆரினுக்கு,

உன் ஆர்டர் வந்தது. என் கடைப் படிவத்திலேயே பெயர், ஊர், துப்பாக்கி விவரம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் நிரப்பி, மேலே "ஐயா" என்று போட்டு அனுப்பியிருக்கிறாய். உன் தங்கையைக் கட்டிப் பத்தொன்பது வருஷம் ஆன எனக்கு! ஆர்டிஸ் அதைப் படித்துவிட்டு, மாவுக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். "எங்கண்ணனே ஐயா போட்டுட்டான். இனிமே நீங்க பெரிய மனுஷன்தான் போங்க" என்றாள். நீயும் நானும் பேசாத இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு சேதியாவது அவள் வாய் வழியாகப் போக விட்டாளா? கேட்டால், "நான் என்ன தபால் பெட்டியா?" என்கிறாள்.

சுட்டு வடித்த ஏழு மில்லிமீட்டர் தோட்டாக் கூடு நூறு வேண்டும் என்கிறாய். இப்போதைக்கு அனுப்ப மாட்டேன். கோபத்தால் இல்லை, வியாபாரத்தால்.

உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ரைபிள் தோட்டாவின் வெறும் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுத்தை விரித்து, அரை அளவு வெடிமருந்து போட்டு ஒரு தடவை சுடுகிறோம். வெடிப்பில் பித்தளை உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, அதே உருவத்துக்கு வந்து நிற்கிறது. கழுத்துக்குக் கீழே கூட்டின் சரிந்த தோள் நிமிர்ந்துகொள்கிறது. இப்படி வடித்த பிறகுதான் முழு மருந்து, அதற்குப் பிறகுதான் பந்தயம். எந்த அறையில் உப்பியதோ அந்த அறைக்குத்தான் அந்தக் கூடு சரியாக உட்காரும். உன் பழைய குழலும் என் குழலும் அறையைக் குடையும் ஒரே ரீமர் கருவியில், ஒரே நாளில், உன் கையால் அறுத்தவை. அதனால் என் கூடு உனக்கு நுழைந்தது. இப்போது நீ புதுக் குழல் மாட்டியிருக்கிறாய் என்று கேள்வி. அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. என் அட்டைப் பெட்டி மேல் "ஒவ்வொரு கூடும் அளந்தது" என்று அச்சடித்திருக்கிறேன், வேடிக்கைக்கு இல்லை.

புதுக் குழலில் சுட்ட கூடு ஒன்று அனுப்பு. அளந்து பார்த்து, அதற்கேற்ப வடித்துத் தருகிறேன்.

லாம்பர்ட்


மைல்ஸ் சிட்டி, மொண்டானா
26 மார்ச் 1984

திரு. லாம்பர்ட் குச்சேரா அவர்களுக்கு,

ஐயா,

தாங்கள் கேட்டபடி அனுப்பியுள்ளேன். டப்பாவில் இரண்டு கூடுகள் இருக்கும். சிவப்பு நூல் கட்டியது புதுக் குழலில் சுட்டது.

நூல் கட்டாதது, 1982 செப்டம்பர் தொழிலாளர் தின வாரத்தில், ராபிட் சிட்டியில், நாற்பதாவது தகட்டுக்குச் சுட்டது.

அன்று இரும்புத் தகட்டில் வெட்டி நிறுத்திய கோழி பத்தும் விழுந்தன. பன்றி பத்து, வான்கோழி பத்து. கடா ஒன்பது. நம் சங்கத்தில் நாற்பதுக்கு நாற்பது எடுத்தவர் அதுவரை இல்லை. கடைசிக் கடாவுக்குச் சுட்டபோது இருநூறு மீட்டருக்கு அப்பாலிருந்து 'டங்' என்று சத்தம் திரும்பி வந்தது. கடா நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்பியது. விழவில்லை. விழாத தகடு தவறியதுதான், அதில் எனக்கு வாதம் கிடையாது.

என் வாதம் வேறு. தோட்டா உதையே இல்லாமல் மெத்தென்று போனது, கை உணர்ந்தது. அதைச் சொன்னேன். தொலைநோக்கியோடு என் பின்னால் உட்கார்ந்து, குண்டு எங்கே படுகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை தங்களுடையது. அந்தத் தோட்டாக்களை நிரப்பிக் கொடுத்ததும் தாங்களே. தங்கள் வாடிக்கையாளர் இருவர் பக்கத்தில் நிற்க, தாங்கள் சொன்னது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது: "குளம்புல பட்டுச்சு, அதான் விழலே. உன் கையைச் சொல்லு, என் சரக்கைச் சொல்லாதே."

வடிக்காத கூடு ஒன்று, அந்த அரை மருந்தோடு, பந்தயப் பெட்டியில் கலந்திருக்கலாம் என்பது என் எண்ணம். சுட்ட பிறகு பார்த்தால் தெரியாது. சுட்டதுமே அதற்கும் தோள் நிமிர்ந்துவிடும். ஆனால் உப்பும்போது கூடு நீளத்தில் சற்றுக் குறுகும். வடித்த கூடு முழு மருந்தில் சுடச்சுட மறுபடி நீளும், அப்படி நீண்ட கூடுகளைத்தான் பந்தயத்துக்கு ஒரே நீளத்துக்குத் தேய்ப்பது தங்கள் பழக்கம். ஆகவே அந்த ஒன்று மட்டும் ஏழு தவ், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஏழு பங்கு, இரண்டு தலைமயிர் கனம், குட்டையாக இருக்க வேண்டும்.

என்னிடமும் வெர்னியர் இருக்கிறது. தங்கள் வாயால் கேட்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஆரின் ட்வைட்


வாலன்டைன்
9 ஏப்ரல் 1984

மச்சான்,

சிவப்பு நூல் கூட்டை அளந்தேன். உன் புது அறை என்னுடையதைவிட மூன்று தவ் நீளம். என் கூடு உள்ளே போகும், ஆனால் உள்ளே ஆடும். ஆடுகிற கூடு சுடும்போது அடிப்பக்கம் இழுபட்டு, நாலாவது ஐந்தாவது தடவையில் வெடித்துப் பிரியும். வடிக்கும்போதே நான் தோளைக் கொஞ்சம் முன்னால் நிறுத்தித் தருகிறேன். தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை மூடும்போது லேசாக இறுக வேண்டும், அந்த இறுக்கம்தான் கணக்கு. பார்ப்பதற்கு இருபது அனுப்பியிருக்கிறேன்.

நூல் இல்லாத கூடு. ஐந்து தடவை அளந்தேன். பிறகு ஆர்டிஸைக் கூப்பிட்டு, எதற்கு என்று சொல்லாமல், அவளையும் அளக்கச் சொன்னேன். ஆறு தடவையும் ஒரே அளவு. பந்தயக் கூட்டின் நீளம், ஒரு தவ் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வடித்து, தேய்த்து, முழு மருந்து போட்ட கூடு. அளந்ததை அளந்தபடி எழுதுகிறேன். கூட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், நீயும் அளந்துகொள்.

நீ கேட்டது அளவு. சொல்லிவிட்டேன்.

இங்கே காற்று நிற்கவில்லை. மூன்றாம் தேதி அடித்த பனியில் பண்ணைக்காரர்களுக்குக் கன்றுக்குட்டிகள் போய்விட்டன. கடையில் பால்பவுடர் மூட்டைதான் ஓடுகிறது, யாரும் துப்பாக்கிப் பக்கம் திரும்பவில்லை. ஆர்டிஸுக்குத் தோள்வலி தேவலை. கொலாச்சி இனிப்பு ரொட்டி சுட்டாள். உனக்குப் பிடித்த கொடிமுந்திரி வைத்தது. தபாலில் அனுப்பினால் கல்லாகிவிடும் என்று நானே தின்றேன்.

லாம்பர்ட்


மைல்ஸ் சிட்டி
30 ஏப்ரல் 1984

ஐயா,

கூடு வந்தது. அளந்தேன். தாங்கள் சொன்ன அளவேதான்.

ஆகவே குளம்பு. ஒத்துக்கொள்கிறேன். அன்று தங்கள் வாடிக்கையாளர் முன்பு தங்கள் சரக்கைக் குறை சொன்னதற்கு மன்னிக்கவும்.

ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டு. நீங்கள் குளம்பு என்றதை நான் வாயால் நம்பவில்லை. ஆனால் கை நம்பிவிட்டது. அந்தக் குளிர்காலத்திலேயே கடாவுக்கென்று குண்டு மேலே போகும்படி துப்பாக்கியின் பின்குறித் திருகை நாலு கிளிக் ஏற்றினேன். மேஜையில் வைத்துச் சுட்டால் குண்டு மேலே போகிறது, அது தெரியும். மேஜை வேறு, மல்லாந்து படுத்துக் கைத்துப்பாக்கியைக் காலோடு அணைத்துச் சுடுவது வேறு, படுத்தால் எனக்கு இறங்குகிறது போலும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இறங்குகிறது என்று பார்த்தவர் நீங்கள்தானே.

இரண்டு பருவமாகக் கடாக்கள் பத்தில் நாலு, பத்தில் மூன்று. ஷெரிடன் ஊர்ப் பந்தயத்தில் இரண்டு. என் பின்னால் உட்கார ஆள் இல்லாததால் அங்கங்கே யாரையாவது கூப்பிட்டுக்கொள்கிறேன். அவர்கள் "முதுகுக்கு மேல போகுது பெரியவரே" என்கிறார்கள். தெரியாத ஆட்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கிளிக்கை இறக்க எனக்கு மனசு வரவில்லை. பதினோரு வருஷம் எனக்குப் பார்த்துச் சொன்ன கண் ஒன்று இருந்தது. அது கீழே என்று சொல்லியிருக்கிறது.

கூடு சரி, மருந்து சரி என்றால் மிச்சம் இருப்பது நான். ஐம்பத்தெட்டு வயதில் கை போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பில்லிங்ஸிலிருந்து ஒருவர் மே பத்தொன்பதாம் தேதி வருகிறார். துப்பாக்கி, இரண்டு குழல், ரீமர் எல்லாம் அவரிடம் போகும். அந்த நூறு கூடு இனித் தேவையில்லை. ஆர்டரை ரத்து செய்யவும்.

ஆர்டிஸை விசாரித்ததாகச் சொல்லவும்.

ஆரின்


வாலன்டைன்
7 மே 1984
விரைவுத் தபால்

மச்சான்,

முதலில் கிளிக்கை இறக்கு. நாலையும் இறக்கு. மற்றதை அப்புறம் படி.

அந்தக் கடாவுக்குக் குளம்பில் படவில்லை. தோளில் பட்டது. முன்னங்காலுக்கு மேலே, நடு உடம்பில், நீ எங்கே குறி வைத்தாயோ அங்கே. ஈயம் சிதறி வெள்ளிப் பூவாக ஒட்டியதை நான் தொலைநோக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். சரியான இடத்தில் பட்டும் விழாத கடா என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான், தோட்டாவில் மருந்து குறைவு, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நீ "தோட்டா மெத்துன்னு போச்சுடா" என்றாய். என் இடது பக்கம் ரோலி ஹாகன் நிற்கிறான், வலது பக்கம் ஷாட்ரன் ஊர்க்காரர் நிற்கிறார், இரண்டு பேரும் அந்த வாரம்தான் என்னிடம் கூடு வாங்கியவர்கள். வாயைத் திறந்தேன், குளம்பு வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் என்று நீ நினைத்தால் அது எனக்குப் பெருமை. யோசிக்கவே இல்லை. கடைக்காரன் வாய் அது. சரக்கைத் தொட்டால் கடிக்கும்.

சொன்ன பிறகாவது மாற்றியிருக்கலாம். நீ "என் கையையா சொல்றே?" என்று எழுந்தாய், நான் "வேற எதைச் சொல்ல?" என்றேன், அதோடு போயிற்று.

வீட்டுக்கு வந்த மறுநாள் கடையில் அரை மருந்துப் பெட்டியைத் திறந்தேன். வடிப்பதற்கென்று நிரப்பி வைத்த தோட்டாக்கள், எல்லாம் தோள் சரிந்து நிற்கின்றன. நடுவில் ஒன்று மட்டும் தோள் நிமிர்ந்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. பந்தயத் தோட்டா. அது இங்கே இருந்தால், இங்கே இருக்க வேண்டியது உன் பெட்டிக்குப் போயிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே குண்டைப் போட்டது என் கஞ்சத்தனம். கீறல் விழுந்த குண்டை வீணாக்குவானேன் என்று வடிக்கிற தோட்டாவுக்கு வைப்பேன். தலையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இப்போது வடிக்கிறதற்கெல்லாம் குண்டின் மூக்கில் கறுப்பு மை வைக்கிறேன். ஏன் என்று கேட்கிற வாடிக்கையாளரிடம் பழக்கம் என்று சொல்கிறேன்.

அந்தத் தோட்டாவை எடுத்து வேலி ஆணி டிராயரின் அடியில் போட்டேன். ஒன்றே முக்கால் வருஷமாக அங்கே கிடந்தது.

நீ அனுப்பிய கூடு சரியான அளவு என்று எழுதியது பொய் இல்லை. ஏன் சரியாக இருக்கிறது என்று எனக்குப் புரியவும் இல்லை. வெர்னியரைக் கீழே வைத்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். "நீ கேட்டது அளவு" என்று சாமர்த்தியமாக எழுதிவிட்டு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிறகு உன் நாலு கிளிக் வந்தது.

பட்ட இடத்தைச் சொல்ல வேண்டியவன் வேறு இடத்தைச் சொன்னேன். நீ இரண்டு வருஷம் அந்த வேறு இடத்துக்குச் சுட்டிருக்கிறாய். உன் கை எங்கேயும் போகவில்லை, மச்சான். பில்லிங்ஸ்காரனுக்கு விற்காதே.

லாம்பர்ட்


வாலன்டைன்
18 ஜூன் 1984

மச்சான்,

பதில் இல்லை. துப்பாக்கியை விற்றாயா என்றும் தெரியவில்லை. ஆர்டிஸிடம் கேட்டேன். "உங்க ரெண்டு பேர் கதையில என்னை இழுக்காதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது?" என்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காபி ஊற்றும்போது, "என்னை அன்னிக்கு அளக்கச் சொன்னது இதுக்குத்தானா?" என்றாள். "ஆமா" என்றேன். "சரியா அளந்தேனா?" என்றாள். "சரியாத்தான் அளந்தே" என்றேன். "நானாவது சரியா இருக்கேனே" என்று ஜாடியை வைத்துவிட்டுப் போனாள்.

ஷாட்ரன்காரருக்கும் ரோலி ஹாகனுக்கும் ஃபோன் பண்ணினேன். ஷாட்ரன்காரர் அந்தப் பந்தயத்தையே மறந்துவிட்டார். ரோலி மறக்கவில்லை.

"ரோலி, அன்னிக்கு ஆரின் சுட்ட கடைசிக் கடா குளம்புல படலை. தோள்ல பட்டுச்சு. என் தோட்டா தப்பு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என்கிட்டயும் கண்ணாடி இருந்துச்சே, லாம்பர்ட். தோள்ல பளிச்சுனு தெரிஞ்சுதே."

"அடப்பாவி, அப்ப ஏன் வாயைத் திறக்கலே?"

"மச்சானும் மாப்பிள்ளையும் மல்லுக்கட்டறீங்க, நடுவுல நான் எதுக்கு? உன் கூடு எப்பவும் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு தப்பினா என்ன, மனுஷன் செய்யறதுதானே. ஆனா இனிமே உன்னைப் பின்னால உட்கார வெச்சுச் சுடக் கூடாதுன்னு மட்டும் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

கூடு விற்கலாம், கண்ணை நம்ப முடியாது என்று அவன் எண்ணியிருக்கிறான். சரக்கைக் காப்பாற்றப் போய் நான் எதை விட்டுவிட்டேன் என்று ஒருவன் ஃபோனில் சாதாரணமாகச் சொல்லிவிட்டான்.

இத்துடன் ஒரு கூடு வைத்திருக்கிறேன். டிராயரில் கிடந்த தோட்டா அது. நிரப்பின தோட்டா தபாலில் போகாது. குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டி, அடியில் இருந்த பற்றவைக்கும் கேப்பையும் தட்டி எடுத்துவிட்டேன். அன்று நீ சுட்டிருக்க வேண்டியது இதைத்தான். உன்னுடையது.

லாம்பர்ட்


மைல்ஸ் சிட்டி
20 ஆகஸ்ட் 1984

மாப்பிள்ளை,

உன் மே மாதக் கடிதத்தைப் படித்ததும் மடித்து ரீமர் பெட்டியில் வைத்து மூடினேன். மூன்று வாரம் திறக்கவில்லை. திறந்தால் உனக்கு எழுதுவேன், எழுதினால் ஆர்டிஸ் படிக்கக் கூடாததாக எழுதுவேன். ஆனால் மூடுவதற்கு முன்னால் கிளிக்கை இறக்கினேன். அதை மட்டும் செய்தேன்.

பில்லிங்ஸ்காரர் சொன்ன தேதிக்குச் சரியாக வந்துவிட்டார்.

"விக்கலைங்க" என்றேன்.

"ஃபோன்ல விக்கறேன்னீங்களே! நூத்தம்பது மைல் வந்திருக்கேன்."

"ஃபோன்ல பேசினப்ப எனக்குச் சுடத் தெரியாது. போன வாரத்துலேர்ந்து தெரியும்."

மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காபி கொடுத்து, உட்கார வைத்து, ஓடைக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கும் கடாக்களைக் காட்டினேன். அவர் முன்னாலேயே பத்து சுட்டேன். ஒன்பது விழுந்தது. பத்தாவதற்கு நான் இமைத்துவிட்டேன். உன் பெயரை நினைத்ததால் இருக்கும்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு அனுப்பியது நாற்பதாவது கூடு இல்லை. நாற்பதாவது எது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அன்று எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியேறினேன். அப்புறம் அந்தப் பையை அவிழ்க்கவில்லை. மார்ச்சில் உள்ளே கைவிட்டு வந்த ஒன்றை எடுத்து, நாற்பதாவது என்று எழுதினேன். நீ கொஞ்சம் வேர்க்கட்டும் என்று நினைத்தேன். அது பொய், நீ சொன்னதைவிடச் சின்னது, ஆனால் நான் யோசித்துச் சொன்னது. அதை நம்பி நீ அளந்தாய். உன் அளவை நம்பி நான் துப்பாக்கியை விற்கக் கிளம்பினேன். என் பொய் என்னிடமே திரும்பி வந்துவிட்டது.

ஜூலையில் பையை அவிழ்த்து எல்லாவற்றையும் அளந்தேன். முப்பத்தொன்பது ஒரே நீளம். ஒன்று ஏழு தவ் குட்டை. கழுத்தில் புகைக் கரியும் இருக்கிறது, அரை மருந்துக்கு வரும் கரி. அந்தத் தோட்டாவுக்கு மூடும்போது குழல் சற்று இறுகியதும் இப்போது ஞாபகம் வருகிறது. அப்போதே எடுத்துப் பார்த்திருக்கலாம். கடிகாரம் ஓடுகிறது, முப்பத்தொன்பது விழுந்திருக்கிறது, யார் பார்ப்பார்கள்.

குட்டையை உனக்கு அனுப்புகிறேன். உன் மேஜை மேல் இருக்கட்டும். டிராயரில் வேண்டாம். நீ அனுப்பிய நாற்பத்தோராவது கூடு என்னிடம் இருக்கும்.

தோட்டா கலந்தது எனக்குப் பெரிதில்லை, மாப்பிள்ளை. நானும் குழல் அறுக்கிறவன், தவறாக அறுத்துக் குப்பையில் போட்டது எத்தனை என்று உனக்குத் தெரியும். குளம்புதான் கஷ்டம். இப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதை இந்தக் கடிதத்தில் தீர்த்துவிட என்னால் முடியாது. ஆனால் இரண்டு வருஷமாக எவரெவரோ என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து உண்மையைத்தான் சொன்னார்கள், அதை நான் நம்பவில்லை. அதனால் நீயே மறுபடி என் பின்னால் உட்காருவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ராபிட் சிட்டி. செப்டம்பர் இரண்டு, ஞாயிறு. மூன்றாம் சுற்று, ஆறாவது மேடை. ரோலியிடம் கேட்டேன், நீ இன்னும் பெயர் கொடுக்கவில்லையாம். சுட வராவிட்டால் போகிறது, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா. நாற்காலியும் கொண்டு வா, என்னுடையதைப் போன தடவை உடைத்தவன் நீ. ஆர்டிஸையும் கூட்டி வா. கொடிமுந்திரி வைத்த கொலாச்சி கல்லானாலும் பரவாயில்லை.

பட்ட இடத்தைச் சொல்லு. குளம்பில் பட்டால் குளம்பு என்றே சொல்லு, எத்தனை பேர் நின்றாலும்.

ஆரின்

பின்குறிப்பு: நீ அனுப்பிய இருபது கூடும் புதுக் குழலில் சரியாக இறுகுகின்றன. நூறுக்கு ஆர்டர் படிவத்தை மறுபடி நிரப்பி வைத்திருக்கிறேன். கை பழக்கத்தில் மேலே "ஐயா" வந்துவிட்டது. கோடு போட்டு அடித்திருக்கிறேன்.